முளை தெரிந்தால் போதுமா?

“விளையும் பயிர் முளையிலே தெரியும்” என்பது நாம் அனைவரும் அறிந்த பழமொழி. ஆனால் முளையிலே தெரிந்த பயிர்கள் எல்லாம் விளைந்து விடுகின்றனவா? நீரும் வேலியும் இன்றிக் கருகிய முளைகளைப் பற்றி எந்தப் பழமொழியும் பேசுவதில்லை. ஐஸ்லாந்து நாட்டின் கூடைப்பந்து வீராங்கனை ஹெலெனா ஸ்வெர்ரிஸ்டோட்டிர் அவர்களின் விளையாட்டு வாழ்க்கையை ஆராயும்போது நம் உள்ளத்தில் எழும் எண்ணம் இதுவே.

வட அட்லாண்டிக் கடலின் நடுவே பனியும் எரிமலையும் நிறைந்த தீவு ஐஸ்லாந்து. மக்கள் தொகை நான்கு இலட்சத்தைக்கூட எட்டவில்லை. அந்நாட்டவருள் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் என்பதே கிடையாது. தந்தையின் பெயரோடு ‘மகள்’ அல்லது ‘மகன்’ என்று சேர்த்துக்கொள்வார்கள். ‘ஸ்வெர்ரிஸ்டோட்டிர்’ என்றால் ஸ்வெர்ரிரின் மகள் என்று பொருள். தந்தை பெயரின் முதலெழுத்தைத் தாங்கி நிற்கும் நமக்கு இவ்வழக்கம் அந்நியமாகத் தோன்றாது அன்றோ!

ஹெலெனா 1988ஆம் ஆண்டு பிறந்தார். அப்போது அந்நாட்டின் குடியரசுத் தலைவராக இருந்தவர் விக்டிஸ் ஃபின்போகடோட்டிர் என்னும் பெண்மணி. 1980இல் மக்களின் வாக்குகளால் தேர்ந்தெடுக்கப்பட்டு, உலகிலேயே அவ்வாறு குடியரசுத் தலைவரான முதற்பெண் என்ற பெருமை பெற்றவர். அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன், 1975 அக்டோபர் 24ஆம் நாள், ஐஸ்லாந்துப் பெண்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் அலுவலக வேலையையும் வீட்டு வேலையையும் நிறுத்தித் தங்கள் உழைப்பின் மதிப்பை நாட்டுக்கு உணர்த்தினர். ஹெலெனா பிறப்பதற்கு முன்பே பண்பட்டிருந்த நிலம் அது.

தலைநகர் ரெய்க்யவிக்குக்கு அருகில் உள்ள ஹாஃப்னார்ஃபியோர்டுர் என்னும் துறைமுக நகரத்தின் ‘ஹௌகார்’ கழகத்தில் அவர் ஆடத் தொடங்கினார். குளிர்காலத்தில் சூரியன் நாளுக்கு நான்கு மணி நேரமே தென்படும் நாட்டில், கூரையிட்ட ஆடுகளம் இல்லையேல் கூடைப்பந்து ஏது? அத்தகைய களங்களுக்கு ஊராட்சிகள் பொருளுதவி செய்கின்றன. கழகங்களை ஊர்மக்கள் பலர் ஊதியம் பெறாமல் நடத்துகின்றனர். அந்தக் களத்தில் வளர்ந்த சிறுமி, பதினான்காம் வயதிலேயே தேசிய அணியில் இடம் பெற்றார். 2006, 2007 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஹௌகார் நாட்டின் வெற்றிக் கோப்பையை வென்றது.

பின்னர் அமெரிக்காவின் டெக்சஸ் கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் 2007 முதல் 2011 வரை பயின்று ஆடினார். இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். அமெரிக்கக் கல்லூரிகள் விளையாட்டு வீராங்கனைகளுக்குப் பரவலாக வாய்ப்பளிக்கத் தொடங்கியது, கல்வியில் ஆண், பெண் வேற்றுமை கூடாது என்று 1972இல் அங்கு பிறந்த சட்டத்திற்குப் பின்னரே. அதற்கு முன் அந்நாட்டு உயர்நிலைப் பள்ளி அணிகளில் ஆடிய மாணவியர் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர். இன்றோ அத்தொகை முப்பது இலட்சத்தைத் தாண்டிவிட்டது! 1972இல் பெண்களின் கைகளுக்குத் திடீரென வலிமை வந்துவிட்டதா? இல்லை, பூட்டியிருந்த கதவு திறந்தது, அவ்வளவே.

கல்லூரிக்குப் பின் ஸ்லோவாக்கியாவின் கோஷிட்சே நகர அணியில் சேர்ந்து 2012, 2013ஆம் ஆண்டுகளில் அந்நாட்டு வெற்றிக் கோப்பைகளில் பங்கு பெற்றார். ஹங்கேரி, போலந்து நாடுகளிலும் ஆடினார். 2015இல் தாய்க் கழகத்திற்கே திரும்பினார். அதன்பின் தாயானார். ‘இத்துடன் ஆட்டம் முடிந்தது’ என்று உலகம் சொல்லக்கூடிய வேளை அது. அவரோ மீண்டும் களம் புகுந்தார். 2018இல் ஹௌகார் வென்றது. அவ்வாண்டின் பிற்பகுதியில் வாலுர் கழகத்தில் சேர்ந்தார். தங்கை குட்பியோர்க்கும் உடன் ஆட, 2019இல் வாலுர் மகளிர் அணி நாட்டின் வெற்றிக் கோப்பையை முதன்முறையாகக் கைப்பற்றியது. 2021இல் மீண்டும் வென்றது.

பந்தைக் கூடையில் இடுவதோடு, தவறிய பந்தைக் கைப்பற்றுவதிலும் தோழியருக்கு வழங்குவதிலும் அவர் வல்லவர். ஐஸ்லாந்தின் சிறந்த வீராங்கனை என்ற விருதைப் பத்து முறைக்கு மேல் பெற்றார். அவர் காலத்தில் ஐஸ்லாந்து மகளிர் அணி ஐரோப்பியப் போட்டியின் இறுதிச் சுற்றுகளுக்கு ஒருமுறையேனும் தகுதி பெறவில்லை. எனினும் நாட்டின் அழைப்பை ஏற்று ஆடினார். 2023 நவம்பரில், தேசிய மகளிர் அணிக்காக அதுவரை எவரும் ஆடாத அளவு ஆட்டங்கள் ஆடியவர் என்ற நிலையை எட்டினார். அதே மாதத்தில் முழங்கால் காயத்தின் காரணமாக ஓய்வு பெற்றார்.

“திறமை இருந்தால் யாரும் தடுக்க முடியாது, தானே வெளிவரும்” என்று சொல்வோர் உண்டு. நாம் இதை ஏற்பதற்கில்லை. ஹெலெனாவின் உழைப்பை யார் மறுப்பர்? அந்த உழைப்பு இன்றேல், திறந்த கதவு வழியே நுழைய ஆளே இருந்திருக்காது. ஆனால் கதவு மூடியிருந்தால் அந்த உழைப்பு எங்கே சென்றிருக்கும்? அவரைப் போலவே முளையிலே ஒளிர்ந்து, களமின்றி, கல்லூரியில் இடமின்றி, தாயானபின் திரும்ப வழியின்றி மறைந்த பெண்கள் எத்தனை பேர்! அவர்களுடைய பெயர்களை எந்தப் பட்டியலிலும் காண முடியாது. ‘தானே வெளிவரும்’ என்ற சொல், அவர்களுக்குத் திறமையே இல்லை என்று தீர்ப்புக் கூறிவிடுகிறது. இது அநீதி அல்லவா?

ஆகவே ஒரு வீராங்கனையின் கழுத்தில் மாலை விழும்போது, களம் அமைத்த ஊரையும், சட்டம் இயற்றியோரையும், தாயானவளை ‘வா, உன் இடம் இருக்கிறது’ என்று வரவேற்ற அணியையும் சேர்த்தே பாராட்டுவோம். நமக்குள் இரு கடமைகள் உள்ளன, தோழியரே! திறந்த களத்தில் சோர்வின்றி ஆடுவது ஒன்று. நமக்குப் பின் வரும் தங்கைக்காக அக்கதவைத் திறந்தே வைப்பது மற்றொன்று. முளையைக் கண்டு மகிழ்ந்தால் மட்டும் போதாது; நீர் வார்க்கவும் வேண்டும்.