யானைப் பசிக்குச் சோளப்பொரியா?

நமது சங்க இதழில் பீரைப் பற்றி ஒரு கட்டுரையா என்று அன்பர்கள் முகம் சுளிக்க வேண்டாம். நான் குடிப்பவன் அல்லன். யாரையும் குடிக்கச் சொல்லவும் வரவில்லை. டில்லியில் உரிமம் இல்லாமல் வீட்டில் மது தயாரிப்பது குற்றம் என்பதும் அறிவேன். நான் சொல்ல வந்தது உறையைப் பற்றி. பால்பண்ணைத் துறையில் 32 ஆண்டுகள் லாக்டோமீட்டரும் கையுமாக இருந்து ஓய்வு பெற்றவன். உறை என்று பேச்செடுத்தால் என்னால் சும்மா இருக்க முடியாது.

சென்ற ஆண்டு கோடையில் நானும் மனைவியும் அமெரிக்காவில் போர்ட்லண்ட் நகரில் மகள் வீட்டில் மூன்று மாதம் தங்கியிருந்தோம். மாப்பிள்ளைக்கு விடுமுறை நாள் பொழுதுபோக்கு, வீட்டிலேயே கோதுமை பீர் தயாரிப்பது. அங்கே அது குற்றமில்லை. 1978-இல் வந்த மைய அரசின் சட்டப்படி, சொந்த உபயோகத்துக்கு ஒருவர் ஆண்டுக்கு 100 காலன் வரை வரியில்லாமல் தயாரிக்கலாம். இரண்டு பெரியவர்கள் உள்ள வீடானால் 200 காலன்.

முளைகட்டி உலர்த்திய கோதுமையையும் பார்லியையும் வெந்நீரில் ஊற வைத்து வடித்து, ஹாப்ஸ் என்னும் பூவைச் சேர்த்துக் கொதிக்க வைக்கிறார்கள். ஆற வைத்த பிறகு ஈஸ்ட் சேர்க்கிறார்கள். அந்த ஈஸ்டுதான் இனிப்பைச் சாராயமாகவும் வாயுவாகவும் மாற்றுகிறது. கோதுமை பீருக்கே உரிய வாழைப்பழ வாசனையும் கிராம்பு வாசனையும்கூட ஈஸ்ட் தருபவைதாம். வாழைப்பழமோ கிராம்போ அதில் போடுவதில்லை.

அன்று வடிநீரை ஹைட்ரோமீட்டரில் பார்த்தார் மாப்பிள்ளை. நம் லாக்டோமீட்டரின் அண்ணன் அது. குறிப்புப்படி 1.050 வர வேண்டும், 1.064 காட்டியது. தானியத்திலிருந்து இனிப்பு அதிகம் இறங்கிவிட்டது. கொதியில் தண்ணீரும் கூடுதலாகச் சுண்டிவிட்டது. "நல்லதுதானே மாமா, ஸ்ட்ராங்கா வரும்" என்று சொல்லிக்கொண்டே ஒரே ஒரு ஈஸ்ட் பாக்கெட்டைப் பிரிக்கப் போனார்.

நான் கையைப் பிடித்துக்கொண்டேன். காரணம் உண்டு. அதற்கு முந்தைய ஆண்டும் இதே கதைதான். ஈஸ்ட் போதாமல் புளிப்பு பாதியில் நின்றுவிட்டது. முடிந்துவிட்டது என்று எண்ணி, வாயுவுக்காக இன்னும் கொஞ்சம் சர்க்கரை சேர்த்து பாட்டிலில் அடைத்திருக்கிறார். உள்ளே மிச்சமிருந்த இனிப்பில் ஈஸ்ட் மறுபடி வேலையைத் தொடங்க, ஒரு நள்ளிரவில் மூன்று பாட்டில்கள் வெடித்தன. பேரனின் சைக்கிள் நிற்கும் அறை அது. காலையில் மகள் கண்ணாடிச் சில்லுகளைப் பொறுக்கிய செய்தியைத் தொலைபேசியில் கேட்டபோது எனக்கு வயிறு கலங்கியது.

கணக்கு கடினமானது அல்ல. ஒரு மில்லி வடிநீருக்கு, இனிப்பின் ஒவ்வொரு பிளேட்டோ பாகைக்கும் ஏழரை லட்சம் ஈஸ்ட் உயிரணுக்கள் என்பது இத்தகைய பீருக்கு வழக்கமான அளவு. 1.064 என்பது ஏறத்தாழ 15.6 பாகை. 20 லிட்டருக்கு சுமார் 23,400 கோடி உயிரணுக்கள் வேண்டும். கையில் இருந்த திரவ ஈஸ்ட் பாக்கெட்டில் இருப்பதோ சுமார் 10,000 கோடி. அதுவும் புதியதாக இருந்தால். யானைப் பசிக்குச் சோளப்பொரி!

"ஈஸ்ட் தானாப் பெருகிக்கும் மாமா" என்றார். பெருகும்தான். ஆனால் சிறு கூட்டம் பலமுறை பெருகிக் களைத்துப் போகும். அது தலையெடுப்பதற்குள் வேண்டாத கிருமிகள் இடம் பிடிக்கும். நெடி மிக்க கனமான சாராயங்கள் சேரும். கடைசி இனிப்பு கரையாமல் நிற்கும். "கொஞ்சம் குறைச்சுப் போட்டால் வாழைப்பழ வாசனை தூக்கலா வரும்னு சொல்றாங்களே" என்றார் அடுத்து. அப்படிச் சொல்வோர் உண்டு. கைதேர்ந்தவர் தெரிந்து சிறிது குறைப்பது வேறு. பாதிக்கும் கீழே போட்டுவிட்டு அதற்கு வாசனை என்று பெயர் சூட்டுவது வேறு.

தண்ணீர் கலந்து 1.050-க்கு இறக்கலாமா என்றும் பார்த்தோம். ஐந்தரை லிட்டருக்கு மேல் ஊற்ற வேண்டும். வாளியில் நுரைக்கு இடமிருக்காது. முதல் நாளே தெரிந்திருந்தால், நீர்த்த மால்ட் கரைசலில் ஈஸ்டை வளர்த்து வைத்திருக்கலாம். வடித்துவிட்ட பிறகு அதற்காகக் காத்திருப்பது சரியல்ல. கடைக்குப் போய் இன்னும் இரண்டு பாக்கெட் வாங்கி வரச் சொன்னேன். செலவை நினைத்து முகம் சுருங்கினாலும் போய் வந்தார்.

மறுநாள் காலை மூடியின் குழாயில் குமிழி ஓயாமல் வந்தது. இரண்டு வாரத்தில் 1.016. மூன்று நாள் தொடர்ந்து அதே எண்ணைக் கண்ட பிறகே பாட்டிலில் அடைக்க விட்டேன். ஒன்றும் வெடிக்கவில்லை. நான் முகர்ந்து மட்டும் பார்த்தேன், கிராம்பு மணத்தது.

என் கருத்து இதுதான். குறிப்பு எழுதியவர் நம் பாத்திரத்தைப் பார்த்தவர் அல்லர். 'ஒரு பாக்கெட்' என்று அவர் எழுதியது அவருடைய வடிநீருக்கு. நம்முடையது கனத்துவிட்டால் உறையும் கனக்க வேண்டும். டில்லி ஜனவரியில் பால் உறையவில்லை என்று பால்காரரைத் திட்டும் நம் வீடுகளிலும் இதே தவறுதான் நடக்கிறது. இரண்டு லிட்டர் பாலுக்கும் அதே ஒரு கரண்டி, குளிரிலும் அதே ஒரு கரண்டி. பீரில் வேலை செய்வது ஈஸ்ட், தயிரில் வேலை செய்வது பாக்டீரியா. ஆனால் இரண்டும் உயிர்கள். வேலையைக் கூட்டினால் ஆளையும் கூட்டித்தான் ஆக வேண்டும்.

அளந்து பாருங்கள், பிறகு உறை ஊற்றுங்கள். மிச்சம் பிடிக்க வேறு இடங்கள் எத்தனையோ உண்டு.