எழுத்தைக் கண்டு அஞ்சலாமா?

வீட்டில் ஒருவருக்குத் தலையையும் கண் குழியையும் ஸி.டி. ஸ்கான் எடுத்தார்கள் என்றால், ரிப்போர்ட் கைக்கு வந்ததும் நாம் செய்கிற முதல் காரியம் என்ன? உறையைப் பிரித்துப் படித்து, புரியாத எழுத்துக்களைக் கண்டு கலங்குவதுதான்! சகோதரிகளே, சிலவற்றைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

'என்.ஸி.ஸி.டி.' என்றால் சாய மருந்து ஏற்றாமல் எடுத்த படம், 'ஸி.இ.ஸி.டி.' என்றால் ஏற்றி எடுத்தது. 'ஸி.எஸ்.எஃப்.' மூளைக்குள்ளும் அதைச் சுற்றியும் உள்ள நீர். அது எல்லோருக்கும் உண்டு. 'ஹெச்.யு.' அடர்த்தியின் அளவு, தண்ணீருக்கு 0. 'ஓ.டி.' வலது கண், 'ஓ.எஸ்.' இடது கண். 'எஸ்.ஓ.எல்.' இடத்தை அடைத்திருக்கும் ஏதோ ஒன்று. சீழாகவும் இருக்கலாம், கட்டியாகவும் இருக்கலாம். புற்றுநோய்தான் என்று அர்த்தமல்ல.

மிகவும் பயமுறுத்துவது 'ஆர்/ஓ'. ரிப்போர்ட்டின் மேற்பகுதியில் 'ஆர்/ஓ டியூமர்' என்றிருந்தால், கட்டி இருக்கிறது என்று பொருளல்ல. 'கட்டி இல்லையே, பாருங்கள்' என்று டாக்டர் கேட்டனுப்பிய கேள்வி அது! பதில் பெரும்பாலும் கடைசியில், 'இம்ப்ரஷன்' என்ற தலைப்பின் கீழ் இருக்கும்.

ஒரே சுருக்கத்துக்கு இரண்டு பொருளும் உண்டு. ஆகவே ஊகிக்காமல், புரியாததை அடிக்கோடிட்டு டாக்டரிடமே கேளுங்கள். ஆனால், திடீரென்று பார்வை மங்கினாலோ, வாய் கோணினாலோ, ரிப்போர்ட்டைப் புரட்டிக்கொண்டிராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள்.