இன்னும் ஐந்தரைக் கிலோ ஏறணுமா?

எடைக் குறைப்பு ஆபரேஷன் என்றாலே "அழகுக்குப் பண்ணிக்கிறது" என்ற நினைப்பு இன்னும் போகவில்லை. ஆனால் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2019-லேயே விதி எழுதிவிட்டது. டாக்டர் பரிந்துரை வேண்டும், 18 வயது ஆகியிருக்க வேண்டும், பி.எம்.ஐ. 40 தொட வேண்டும். கட்டுப்படாத சர்க்கரை, இதய நோய் மாதிரி சிக்கல் இருந்தால் 35 போதும். இதற்குள் வராதவருக்குக் கம்பெனி பணம் தர வேண்டியதில்லை.

வம்பே அந்த 40-ல்தான். ஆசிய உடம்புக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரை வந்துவிடுகிறது என்று, 37.5 போதும் என டாக்டர்கள் அதற்கு முன்பே சொல்லியாயிற்று. 2022-ல் உலக அமைப்புகள் இன்னும் கீழே இறக்கின. 160 செ.மீ. உயரம், 97 கிலோ எடை, வேறு நோயில்லாத ஒரு கள்ளக்குறிச்சிக்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். பி.எம்.ஐ. சுமார் 38. டாக்டரிடம் பாஸ், இன்சூரன்ஸில் ஃபெயில்! ஐந்தரைக் கிலோ ஏற்றிக்கொண்டு வரச் சொல்கிறார்களா?

கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வருகிறவர் பாலிசியின் பொடி எழுத்தை எங்கே படிப்பார்? "கிளெய்ம் வந்துடும்" என்ற வாய்வார்த்தையை நம்பித் தேதி குறிக்கிறார்கள். எந்தச் செலவுக்கு, எவ்வளவு தொகைக்கு என்று முன் அனுமதியை எழுத்தில் வாங்காமல் நகையை அடகுக் கடைக்குக் கொண்டுபோகக் கூடாது. கடைசி பில்லில் அதிலும் வெட்டு விழலாம்.