ரத்த அழுத்தம், சர்க்கரையோடு ரத்த அணுக்களையும் பாருங்கள்

கும்மிடிப்பூண்டி செல்லும் மின்சார ரயில், காலை நேரத்தில் அத்திப்பட்டு புதுநகர், அத்திப்பட்டு, மீஞ்சூர், பொன்னேரி என ஒவ்வொரு நிலையத்திலும் தொழிலாளர்களை இறக்கிவிட்டபடியே போகிறது. வட சென்னை அனல் மின் நிலையம், வல்லூர் அனல் மின் நிலையம், காமராஜர் துறைமுகம், எண்ணெய்க் கிடங்குகள், கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் இரும்பாலைகள் என்று அவர்கள் போய்ச் சேரும் இடங்கள் பல. அவர்களில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் அதிகம். ஒடிசா, பிஹார், ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்களும் உண்டு. 2024 ஜனவரியில் தமிழக அரசு தொடங்கிய ‘தொழிலாளரைத் தேடி மருத்துவம்’ திட்டம், வேலை செய்யும் இடத்துக்கே வந்து ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்க்கிறது. வரவேற்க வேண்டிய திட்டம் இது. விரல் நுனியில் குத்திப் பார்ப்பதோடு நிறுத்தாமல், இந்தத் தொழிற்பகுதியில் 2 மில்லி ரத்தம் எடுத்து அணுக்களையும் எண்ண வேண்டும். ‘சிபிசி’ என்று ஆய்வகங்களில் சொல்லப்படும் முழு ரத்த அணுப் பரிசோதனை இங்கே ஏன் அவசியம் என்பதற்கு, ரத்தம் உருவாகும் விதமே பதில் சொல்கிறது.

கருவில் இருக்கும் குழந்தைக்குக் கல்லீரல்தான் பெரும்பாலான ரத்த அணுக்களை உண்டாக்குகிறது. பிறந்து வளர்ந்த பிறகு இடுப்பு, மார்பு, முதுகு, விலா எலும்புகளின் மஜ்ஜை அந்த வேலையைச் செய்கிறது. சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு மூன்றும் மஜ்ஜையில் உள்ள ஒரே வகை ஸ்டெம் செல்லிலிருந்து கிளைத்தவை. அப்படிப்பட்ட செல்கள் இருப்பதற்கான சோதனைச் சான்றை 1961இல் டொரொன்டோவின் ஜேம்ஸ் டில், எர்னஸ்ட் மெக்கல்லக் இருவரும் வெளியிட்டார்கள். உடலில் ஆக்ஸிஜன் குறைந்தால் சிறுநீரகம் எரித்ரோபாய்டின் என்ற ஹார்மோனைச் சுரந்து மஜ்ஜையை முடுக்குகிறது. இளம் சிவப்பணு தனக்குள் ஹீமோகுளோபினை நிரப்பிக்கொண்டு, உட்கருவை வெளியேற்றிவிட்டு ரத்தத்தில் இறங்குகிறது. அதன் ஆயுள் சுமார் 120 நாள். தட்டணுவுக்கு 7 முதல் 10 நாள். கிருமிகளை முதலில் எதிர்கொள்ளும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணு, ரத்தத்தில் ஒரு நாள்கூடச் சரியாகத் தங்குவதில்லை. இந்த இழப்பை ஈடுகட்ட, ஒவ்வொரு விநாடியும் ஏறக்குறைய 20 லட்சம் சிவப்பணுக்கள் பிறக்கின்றன.

இத்தனை வேகமாகச் செல்கள் பெருகும் இடத்தில் நச்சு புகுந்தால், ஆள் படுக்கையில் விழுவதற்கு முன்பே எண்ணிக்கை மாறத் தொடங்கிவிடும்.

பெட்ரோலில் கலந்திருக்கும் பென்சீனை எடுத்துக்கொள்வோம். பிஎஸ்-6 தரப் பெட்ரோலில் அது 1 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. மூச்சு வழியே உள்ளே போகும் பென்சீன் உடலுக்குள் மாற்றமடைந்து மஜ்ஜையைத் தாக்குகிறது. ரத்தப் புற்றுநோய்க்கும் காரணமாகிறது. சீனாவின் தியான்ஜின் நகரக் காலணித் தொழிற்சாலைகளில் பென்சீனோடு புழங்கிய 250 பேரையும் புழங்காத 140 பேரையும் ஒப்பிட்ட ஆய்வு, 2004இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியானது. காற்றில் 10 லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவான பென்சீனைச் சுவாசித்தவர்களுக்குக்கூட வெள்ளையணுக்களும் தட்டணுக்களும் குறைந்திருந்தன. டேங்கர் லாரிகளில் பெட்ரோல் நிரப்புகிறவர்களுக்கும், ஓட்டுநர்களுக்கும், கிளீனர்களுக்கும் இந்த முடிவு நேரடியாகப் பொருந்துகிற எச்சரிக்கை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் அடித்துவரப்பட்டு எண்ணூர் முகத்துவாரத்தில் படர்ந்தது. அதை அள்ளி அகற்ற மீனவர்களே படகுகளோடு இறங்கினார்கள். அப்படி இறங்கியவர்களின் ரத்த அணுக்களை அந்த வாரமும், அடுத்து வந்த மாதங்களிலும் எண்ணிப் பதிவுசெய்வதை அரசு தன் கடமையாகக் கருதியிருக்க வேண்டும். இனி ஒரு கசிவு நேர்ந்தால், நிவாரணப் பட்டியலோடு ரத்தப் பரிசோதனைப் பட்டியலும் அன்றைக்கே தயாராக வேண்டும்.

பரிசோதனையில் இரண்டு படிகள் உண்டு. முதல் படி இயந்திரம். அமெரிக்கப் பொறியாளர் வாலஸ் கோல்ட்டர் 1953இல் காப்புரிமை பெற்ற முறைதான் இன்றும் பல கருவிகளுக்கு அடிப்படை. உப்புக் கரைசலில் கலந்த அணுக்கள் நுண்ணிய துளை வழியே செல்லும்போது மின்தடை கூடும். எத்தனை முறை கூடியது என்பது எண்ணிக்கை, எவ்வளவு கூடியது என்பது அணுவின் அளவு. இரண்டாம் படி ஸ்மியர். ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் மெல்லியதாகப் பரப்பி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்ப்பது. பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்குகிறவர்களுக்கு இந்த இரண்டாம் படி மிக முக்கியம். ஈயம் ஹீமோகுளோபின் உற்பத்தியைத் தடுப்பதோடு, சிவப்பணுக்களுக்குள் நீலப் புள்ளிகளையும் விட்டுச்செல்லும். இயந்திரத்தின் அச்சுத்தாளில் அந்தப் புள்ளிகள் பெரும்பாலும் தெரிவதில்லை; பயிற்சி பெற்ற கண்கள்தான் அவற்றைக் கண்டுபிடிக்கும். சந்தேகம் எழுந்தால் ரத்தத்தில் ஈயத்தின் அளவைத் தனியாகச் சோதிக்க வேண்டும்.

தொழிலாளர்களின் ரத்தத்தைப் பார்த்து உலகுக்கே பயன்படும் உண்மையைக் கண்டறிந்த வரலாறு இந்தியாவுக்கு உண்டு. 1928இல் பம்பாய் வந்த ஆங்கிலேய மருத்துவர் லூசி வில்ஸ், ஆலைத் தொழிலாளர்களான ஏழைக் கர்ப்பிணிகளின் ரத்தசோகையை ஆராய்ந்தார். குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும் அந்தப் பணி தொடர்ந்தது. அப்பெண்களின் சிவப்பணுக்கள் அளவில் பெருத்திருந்தன. ஈஸ்ட் சாறு கொடுத்ததும் தேறினார்கள். அதில் இருந்த சத்து ஃபோலிக் அமிலம் என்பது பின்னாளில் தெரிந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ், அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்தில் வழிநடத்திய குழு 1945இல் அதைச் செயற்கையாகத் தயாரித்தது. இன்று கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரப்படும் மாத்திரையின் பின்னால் ஓர் ஆலைத் தொழிலாளியின் ரத்தமும் இருக்கிறது.

அந்தச் சோகை இன்னும் தீரவில்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. ஹீமோகுளோபின் அளவு மட்டும் தெரிந்தால் காரணம் தெரியாது. சிவப்பணு பெருத்திருந்தால் ஃபோலிக் அமிலமோ பி12 வைட்டமினோ குறைவாக இருக்கலாம். சிறுத்திருந்தால் இரும்புச்சத்துக் குறைவாகவோ பரம்பரையாக வரும் தலசீமியாக் கூறாகவோ இருக்கலாம். ஒடிசா, ஜார்க்கண்ட் பகுதிகளிலிருந்து வருகிறவர்களில் சிலருக்கு அரிவாள் வடிவ சிவப்பணுக் கூறு இருக்க வாய்ப்புண்டு. எல்லோருக்கும் ஒரே இரும்பு மாத்திரையை நீட்டுவது சிகிச்சையாகாது.

தொழிலாளர்களின் ரத்தத்தைச் சோதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், ஈய நஞ்சேற்றத்தையும் பென்சீன் நஞ்சேற்றத்தையும் அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களாகப் பட்டியலிட்டது. 2020ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு, அரசு குறிப்பிடும் பிரிவினருக்கு ஆண்டுதோறும் இலவச உடல் பரிசோதனை செய்துதர வேண்டும் என்கிறது. நோயைக் கண்டுபிடித்தால்தானே தெரிவிக்க முடியும்? எண்ணெய்க் கிடங்கு, ஈயம் உருக்குதல், பெயின்ட், கரைப்பான் வேலைகளில் இருக்கும் ஒவ்வொருவருக்கும், ஒப்பந்தத் தொழிலாளர் உட்பட, சிபிசியும் ஸ்மியரும் கட்டாயம் என்று விதியில் எழுத வேண்டும்.

பரிசோதனை என்றதும் தொழிலாளிக்கு எழும் முதல் பயம், முடிவைக் காட்டி வேலையை விட்டு அனுப்பிவிடுவார்களோ என்பது. அந்தப் பயம் நியாயமானது. அணுக்கள் குறைந்தவரை, நச்சில்லாத வேறு வேலைக்கு அதே சம்பளத்தில் மாற்ற வேண்டும் என்பதும் விதியாக வேண்டும். அறிக்கையின் ஒரு பிரதி தொழிலாளிக்கு அவர் படிக்கும் மொழியில் தரப்பட வேண்டும். ஒப்பந்ததாரர் மாறினாலும், சொந்த ஊர் திரும்பினாலும், போன ஆண்டின் எண்ணிக்கையோடு இந்த ஆண்டின் எண்ணிக்கையை ஒப்பிட்டால்தான் சரிவு தெரியும். மீஞ்சூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி அரசு மருத்துவ நிலையங்களில் ஸ்மியர் பார்க்கத் தெரிந்த ஆய்வக நுட்பநர்களை நியமிப்பதிலிருந்து சுகாதாரத் துறை இந்தப் பணியை இந்த ஆண்டே தொடங்க வேண்டும்.