பொங்கல் கரும்பும் பால்மரமும்



'தண்டு நீரைக் கடத்தும்.' தேர்வுக்காக நம் மாணவர்கள் மனனம் செய்யும் வாக்கியம் இது. எவ்வழியாகக் கடத்தும் என்று கேட்டால் விழிக்கிறார்கள். குற்றம் அவர்களுடையதன்று, தண்டு ஒன்றை அறுத்துக் காட்டாத நம்முடையது.

அண்மையில் ஒரு தந்தை என்னிடம், "அறிவியலைத் தமிழில் படித்தால் பிள்ளை பின்தங்கிவிடாதா, சார்?" என்று வினவினார். அவருடைய தகப்பனார் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். கத்தி பட்டையோடு நிற்க வேண்டும், உள்மரத்தைத் தொடக்கூடாது என்பதைத் தமிழிலேயே கற்றுத் தமிழிலேயே பிறருக்கும் கற்பித்தவர். அது அறிவியல் இல்லையா? பால்மரம் இருவித்திலைத் தாவரம். அதன் இளந்தண்டில் குழாய்க் கற்றைகள் வளையமாக அமைந்திருக்கும். உட்புறம் நீரைக் கடத்தும் சைலம்; வெளிப்புறம் உணவைக் கடத்தும் புளோயம்; இடையே கேம்பியம். மரம் பருத்தபின் பட்டையின் உட்பகுதியில், புளோயத்தை ஒட்டியே பால் குழாய்கள் இருக்கின்றன. கேம்பியம் காயப்பட்டால் புதுப்பட்டை சீராக வளராது, முண்டும் முடிச்சுமாகும். அந்த முதியவரின் எச்சரிக்கைக்குப் பொருள் இதுவே.

இன்னொரு சாராரும் உளர். ஒருவித்திலை, இருவித்திலைப் பாகுபாட்டைத் தொல்காப்பியரே கண்டுபிடித்துவிட்டார் என்று மேடைதோறும் முழங்குவோர். புறத்தே வயிரம் கொண்டவை புல், அகத்தே வயிரம் கொண்டவை மரம் என்று மரபியல் பகுப்பது உண்மை. பனையையும் தெங்கையும் உரையாசிரியர்கள் புல்லில் அடக்கியதும் உண்மை. வியக்கத்தக்க கூர்நோக்கு அது. ஆயினும் வயிரம் எங்குள்ளது என்பது வேறு. குழாய்க் கற்றை எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளது என்பது வேறு. பப்பாளியை அறுத்துப் பாருங்கள். அகத்தே வயிரமில்லை, நடுவே வெற்றிடம். ஆனாலும் அது இருவித்திலைத் தாவரமே. முன்னோரின் புகழுக்குப் பொய்யான முட்டு வேண்டியதில்லை.

தாழ்வு மனப்பான்மை, வெற்றுப் பெருமை ஆகிய இரண்டுமே பிள்ளையைத் தாவரத்தின் பக்கம் போகவிடாமல் தடுக்கின்றன. முன்னது மொழியை மாற்றினால் போதும் என்கிறது. பின்னது முழங்கினால் போதும் என்கிறது. தண்டை அறுக்க எவரும் முன்வருவதில்லை.

செலவு ஒன்றுமில்லை. பொங்கலுக்கு வாங்கும் கரும்பைக் குறுக்கே வெட்டுங்கள். வெட்டுமுகமெங்கும் சிதறிய புள்ளிகள் தெரியும். தோலருகே நெருக்கமாகவும் நடுவில் இடைவிட்டும் இருக்கும். அவையே குழாய்க் கற்றைகள். மென்று துப்பும் சக்கையின் நாரும் அவையே. செம்பனையும் தென்னையும் இவ்வினமே. அவற்றில் கேம்பியம் இல்லை. அதனால்தான், ஏறுவதற்காகத் தென்னையில் செதுக்கிய படிகள் ஆண்டுகள் பல கழிந்தும் மூடுவதில்லை. அடுத்து, காசித்தும்பைத் தண்டைச் சிவப்புச் சாயநீரில் சில மணி நேரம் நிறுத்தி அறுங்கள். சிவந்த புள்ளிகள் வளையமாக நிற்கும்.

இரண்டையும் அருகருகே வைத்து, "என்ன வேறுபாடு?" என்று கேளுங்கள். பிள்ளை தமிழில் விடை சொல்லும். அதன்பின், தமிழில் அறிவியல் முடியுமா என்னும் கேள்வியை அப்பிள்ளையிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.