தளரும் நடையும் மங்கும் நினைவும்

கூடுவாஞ்சேரி ரயில் நிலையத்து மேம்பாலப் படிகளில் மாலை வேளையில் ஏறியிறங்கும் முதியவர்களைச் சற்று நின்று கவனித்தால், கூட வருபவர் கேட்டதற்கு நடந்துகொண்டே பதில் சொல்லிப் போகிறவர்கள் சிலரும், கைப்பிடியைப் பற்றி நின்று, யோசித்து, பதிலை முடித்த பிறகே அடுத்த படியில் கால் வைக்கிறவர்கள் சிலருமாக இருப்பது புலப்படும். மூப்பின் லட்சணம் என்று நாம் இதைத் தள்ளிவிடுகிறோம். ஆனால், பேசும்போது நடை நின்றுபோகிற முதியோர் பிற்பாடு கீழே விழும் அபாயம் அதிகம் என்று ஸ்வீடன் தேசத்து ஆராய்ச்சியாளர்கள் 1997-லேயே எழுதினார்கள். நடப்பது கால்களின் காரியம் மட்டுமன்று; மூளையின் கவனத்தில் ஒரு பங்கை அதுவும் கேட்கிறது.

காரணமின்றி எடை குறைதல், ஓயாத அசதி, கைப்பிடியின் பலக்குறைவு, மந்தநடை, உடலசைவின்மை ஆகிய ஐந்தில் மூன்று கூடினால் அது தேகத் தளர்ச்சி என்று 2001-இல் லிண்டா ஃபிரைட் குழுவினர் வரையறுத்தார்கள். மந்தநடையோடு ஞாபகக் குறைவு பற்றிய முறையீடும் சேர்ந்திருப்பவர்களுக்குப் பின்னாளில் மறதிநோய் வரும் வாய்ப்பு அதிகம் என்று 2013-இல் நியூயார்க்கில் ஜோ வர்கீஸ் எடுத்துரைத்தார். எது காரணம், எது காரியம் என்று அறுதியிட இயலாதபடி, ரத்தக்குழாய்க் கோளாறு, தசைத் தேய்வு, புரதக் குறைவு, தனிமை ஆகியவை நடை, நினைவு இரண்டையும் ஒருங்கே வாட்டுகின்றன.

இந்த நிலையில், "நீங்க சும்மா உட்காருங்கப்பா, நான் பாத்துக்கறேன்" என்று கடைக்குப் போகும் பையையும் கையிலிருந்து வாங்கிக்கொள்ளும் பிள்ளைகளின் பரிவு, ஜி.எஸ்.டி. சாலையைக் கடக்க அஞ்சும் முதியவரை நாற்காலியோடு பிணைத்துவிடுகிறது என்பது என் அபிப்பிராயம். பின்லாந்தில் 1,260 முதியவர்களை வைத்து இரண்டாண்டுக் காலம் நடத்திய பரீட்சையில், தேகப்பயிற்சி, ஆகாரம், மூளைப்பயிற்சி, ரத்த அழுத்தம் முதலியவற்றின் கண்காணிப்பு ஆகிய நான்கும் சேர்ந்தபோது புத்தியின் சக்தி மேம்பட்டதாகத் தெரியவந்தது. தனித்தனியே எது எவ்வளவு உதவியது என்று அது பிரித்துக் காட்டவில்லை. ஆயினும் உட்கார்ந்திருக்கச் சொல்லும் வைத்தியம் அதில் இல்லை.

கிண்டியில் 2024-இல் திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனை வரவேற்கத்தக்கதுதான். என்றாலும் நடக்கச் சிரமப்படுகிறவர் அவ்வளவு தூரம் போவது எப்படி? 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டத்தின் ஊழியர்கள் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வீடு தேடி வருகிறார்கள். அவர்களே நான்கு மீட்டர் தூரம் நடக்கச் சொல்லி நேரம் பார்க்கலாம். ஐந்து விநாடிக்கு மேலானால் மந்தநடை என்பது வைத்தியர்கள் பரவலாகக் கொள்ளும் கணக்கு. கூடவே, மறதி உண்டா என்று ஒரு கேள்வி. அளவுநாடாவும் கடிகாரமும் போதுமான இந்தக் காரியத்தைச் சுகாதாரத் துறை தாமதமின்றித் தொடங்க வேண்டும்.