காகிதத்திலே எழும் வீடு

'வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்' என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. இவ்விரண்டும் ஒருவனது சேமிப்பையும் பொறுமையையும் ஒருங்கே சோதிப்பன. உடை பொருந்தாவிடின் மாற்றிக்கொள்ளலாம். கட்டிய சுவரை எளிதில் மாற்ற இயலாது. ஆதலின் வீட்டுக்காரன் கைப்பணத்தை எண்ணிப் பார்த்து, பலரையும் கேட்டு, அதன் பின்னரே அத்திவாரம் வெட்டத் துணிகின்றான். இத்தகைய முன்யோசனைக்காரரை நம்பியே மேனாடுகளில் ஒருவகைச் சஞ்சிகை நூறாண்டுக்கு மேலாக வாழ்ந்து வருகின்றது. அதுவே வீட்டுச் சஞ்சிகை. அது செலவாளிகளின் பொழுதுபோக்கு என்று பலர் எண்ணுவர். அதன் வரலாற்றை நோக்கின், அது பெரிதும் சிக்கனக்காரரின் தோழனாகவே வளர்ந்தது என்பது புலப்படும்.

அமெரிக்காவிலே 'லேடீஸ் ஹோம் ஜேர்னல்' என்னும் சஞ்சிகை 1883ஆம் ஆண்டு தோன்றியது. 1889இல் எட்வேர்ட் பொக் என்பார் அதன் ஆசிரியரானார். ஒல்லாந்திலே பிறந்து, சிறு பிராயத்திலே அமெரிக்காவுக்கு வந்து, வறுமையினின்றும் உயர்ந்தவர் அவர். நடுத்தரக் குடும்பத்தினர் கட்டடக் கலைஞர் ஒருவரை அமர்த்தப் பணமின்றி, அழகும் வசதியுமற்ற வீடுகளைக் கட்டி அல்லற்படுவதை அவர் கண்டார். எனவே 1895ஆம் ஆண்டு தொடக்கம், தேர்ந்த கலைஞரைக் கொண்டு வரைவித்த வீட்டுப் படங்களைத் தமது சஞ்சிகையிலே வெளியிடலானார். விரும்பிய வாசகர் ஐந்து டொலர் செலுத்தினால் முழு வரைபடமும் விபரமும் அவர் கைக்கு வந்துசேரும்.

பின்னாளில் உலகப் புகழ் பெற்ற கட்டடக் கலைஞர் பிராங்க் லொயிட் றைற் 1901இலே இச்சஞ்சிகைக்கு வீட்டுத் திட்டங்களை வழங்கினார். 1907இல் அவர் வெளியிட்ட திட்டத்தின் தலைப்பு, 'ஐயாயிரம் டொலரில் தீப்பற்றாத வீடு' என்னும் பொருள்பட அமைந்தது. அத்தலைப்பைச் சற்றே சிந்தித்தல் நன்று. அதிலே அழகைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. செலவு எவ்வளவு, வீடு தீயினின்றும் காக்கப்படுமா என்னும் இரண்டுக்கே விடை இருக்கின்றது. வாசகரின் உள்ளத்தை நன்கறிந்தோர் இட்ட தலைப்பு அது.

பொக் மற்றொரு காரியமும் செய்தார். விருந்தினர் வரும் நாளுக்கென்று ஆண்டு முழுவதும் மூடி வைக்கப்படும் அலங்கார அறையைத் தம் திட்டங்களினின்றும் நீக்கி, குடும்பத்தினர் அனைவரும் நாள்தோறும் கூடியிருக்கும் அறையை அவ்விடத்திலே அமைக்கச் செய்தார். 'இதற்குச் செலவிடாதே' என்று சொல்வதும் வீட்டுச் சஞ்சிகையின் கடமை என்பதற்கு இது தக்க சான்றாகும். பிறர் கண்ணுக்காக ஓர் அறையைக் கட்டிவிட்டு, பிள்ளைகள் படிக்க இடமின்றித் தவிப்பது அந்த நாட்டிலே மட்டும் காணப்படும் வழக்கமன்று.

எச்சரிக்கையுள்ளவன் ஆலோசனையை மட்டுமன்றி உத்தரவாதத்தையும் தேடுவான். அதனை உணர்ந்தது 1885இலே தொடங்கிய 'குட் ஹவுஸ்கீப்பிங்'. அச்சஞ்சிகை 1900ஆம் ஆண்டிலே சோதனைக்கூடமொன்றை நிறுவி வீட்டுப் பொருள்களை ஆராயத் தலைப்பட்டது. 1909இல், தான் ஏற்றுக்கொண்ட பொருள்களுக்குத் தன் முத்திரையை வழங்கியது. கலப்பட உணவை எதிர்த்துப் போராடி, 1906ஆம் ஆண்டின் உணவுச் சட்டம் நிறைவேற உழைத்த ஹார்வி வைலி என்னும் இரசாயன அறிஞர், அரசாங்க சேவையை விட்டு 1912இலே இச்சஞ்சிகையின் ஆய்வுப் பணியில் சேர்ந்தார். முத்திரையின் மதிப்பு மேலும் உயர்ந்தது.

ஆயினும் முத்திரையும் சோதனைக்குத் தப்பவில்லை. சஞ்சிகையின் உத்தரவாதங்களும் விளம்பரங்களும் வாசகரை மயங்கச் செய்வன என்று 1939இல் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு குற்றஞ்சாட்டியது. 1941இலே அதற்கெதிராகக் கட்டளையும் பிறந்தது. அதன்பின் முத்திரையின் வாசகம் மாற்றி எழுதப்பட்டது. விளம்பரம் தருபவனிடம் பணம் பெற்றுக்கொண்டு, அவனது பொருளுக்கு நற்சான்றும் வழங்குவது கத்தியின் மேல் நடப்பது போன்றது. நல்லாலோசனை கூறுவோரிடத்தும் சிறிது ஐயம் வேண்டும் என்பதே இதனால் நாம் பெறும் பாடம்.

அயோவா மாநிலத்திலே எட்வின் மெரெடித் என்பவர் 1922இல் ஒரு சஞ்சிகையைத் தொடங்கினார். அமெரிக்க அரசின் விவசாயச் செயலாளராக முன்னர் கடமையாற்றியவர் அவர். 1924இல் அது 'பெற்றர் ஹோம்ஸ் அன்ட் கார்டன்ஸ்' என்னும் பெயரைப் பெற்றது. கோடீஸ்வரரின் மாளிகைகளை விடுத்துச் சாதாரண வீட்டையும் தோட்டத்தையும் சமையலறையையும் பற்றியே பேசி, அது இலட்சக்கணக்கான வாசகரைத் தேடிக்கொண்டது.

இவ்வளவு கவர்ச்சி எங்கிருந்து வந்தது? காகிதத்திலே தவறு செய்தால் நட்டமில்லை என்பதே முதற்காரணம். ஒரு வீட்டின் படத்தைப் பார்க்கும்போது மனத்தினாலே அதில் குடிபுகுகின்றோம். சாளரத்தை இடம் மாற்றுகின்றோம். சுவருக்கு வேறு வர்ணம் பூசுகின்றோம். பிடிக்காவிடின் பக்கத்தைப் புரட்டி விடுகின்றோம். ஒரு செங்கல்லும் வீணாகவில்லை. அயலவரிடம், 'உங்கள் கூரைக்கு எவ்வளவு செலவாயிற்று?' என்று கேட்கக் கூச்சப்படுவோர்க்குச் சஞ்சிகை தானாகவே விடை கூறுகின்றது. அன்றியும், அது மாதம் ஒருமுறை வருவது. இம்மாதம் பிறந்த ஆசை அடுத்த இதழ் வருமுன்னர் தணிந்துவிடின், அது வேண்டாத ஆசை என்று தெளியலாம்.

இதற்கு மறுப்பும் உண்டு. பளபளக்கும் படங்கள் பொறாமையை வளர்ப்பன என்பர் சிலர். அதில் உண்மை இல்லாமலில்லை. அப்படங்களிலே மழைக்கு ஒழுகும் கூரை இல்லை. வாசலிலே கழற்றி எறிந்த செருப்பு இல்லை. மேசைமேல் சிதறிய பாடப்புத்தகம் இல்லை. மனிதர் வாழாத வீட்டுடன் மனிதர் வாழும் வீட்டை ஒப்பிட்டு மனம் நொந்துகொள்வது பேதைமை. மேலும், குளிர் நாட்டார் வெயிலை உள்ளே அழைக்கப் பெரிய கண்ணாடிச் சாளரங்களை அமைப்பர். நாமோ வெயிலை வெளியே நிறுத்தி, காற்றை உள்ளே அழைத்தல் வேண்டும். ஆதலின் படம் எதுவாயினும் அதன் செலவு, அளவு, காலநிலை ஆகிய மூன்றையும் உசாவிய பின்னரே அதனை விரும்புதல் தகும். மாணவர்க்கு இது நல்ல பயிற்சியுமாகும்.

காலம் மாறிவிட்டது. 'லேடீஸ் ஹோம் ஜேர்னல்' 2014இலே மாத இதழாக வெளிவருவதை நிறுத்திக்கொண்டது. இன்று கைத்தொலைபேசியைத் திறந்தால் ஆயிரம் வீடுகள் கண்முன் ஓடுகின்றன. ஆனால் அவ்வோட்டத்துக்கு முடிவென்பதில்லை. சஞ்சிகைக்கோ கடைசிப் பக்கம் ஒன்று உண்டு. அங்கே வந்ததும் அதனை மூடி வைத்துவிட்டுக் கணவனும் மனைவியும் கணக்குப் புத்தகத்தைத் திறக்கலாம்.

பல்லாண்டு உழைத்துச் சேர்த்த பணமும், வாங்கப்போகும் கடனும், பிள்ளைகளின் படிப்பும் அந்தக் கணக்கிலேதான் அடங்கியுள்ளன. 'இவ்வளவு போதும்' என்று அவர்களைத் துணிந்து சொல்லவைக்கும் சஞ்சிகையே நல்ல சஞ்சிகை. அதற்குக் கொடுத்த காசு வீண்போகாது.